வெளிநாட்டில் படிப்பு, டெல்டாவில் வீடு: போன், இணையம், தபால் மூன்றும் அறுந்துபோகாமல் இருக்க

2017 செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனிக்குப் புறப்பட்டேன். அதற்கு முன் பல இரவுகள் கண்விழித்து, அங்கே எந்த சிம் மலிவு, எந்தத் திட்டத்தில் எத்தனை ஜிபி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தையே நிரப்பியிருந்தேன். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா எந்த போனில், எந்த நேரத்தில், எந்த நெட்வொர்க்கில் என்னோடு பேசப்போகிறார் என்பதைப் பற்றி அரைப் பக்கம்கூட எழுதவில்லை. சில மாதங்களில் என் இந்திய எண் செத்துப்போனது. அப்பா தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருந்தார். ஆனால் நான் கல்லூரி நாளில் வைத்திருந்த பழைய எண்ணுக்கு. அந்த எண்ணை யார் வைத்திருந்தாரோ, அவர் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் செலவில் பேசியிருக்கிறார்.

வெளிநாட்டு முனையைச் சரிசெய்ய அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது, முன்னால் போன தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். வீட்டு முனைக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. அதையும் விமானம் ஏறும் முன் செய்துவிட வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்தான். எடுத்துக்காட்டுகள் ஜெர்மனியிலிருந்து வரும். மற்ற நாடுகளில் மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: இந்திய எண்ணை உயிரோடு வைத்திருங்கள்

வங்கி, ஆதார், டிஜிலாக்கர், வருமான வரி, வாட்ஸ்அப், கல்லூரிச் சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் ஒரே எண்ணில் வரும் ஓடிபியில் தொங்குகின்றன. அந்த எண் போனால் ஊரில் உங்களுக்கு இருக்கும் கதவுகள் எல்லாம் ஒரே நாளில் சாத்திக்கொள்ளும்.

முதலில் அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் பாதிப் பேருடைய சிம் அப்பா பெயரிலோ, ஒன்றுவிட்ட அண்ணன் பெயரிலோ இருக்கும். போன் தொலைந்தால் மாற்று சிம் வாங்க, யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டும். உங்கள் பெயரில் இருந்தால், நீங்கள் ஊருக்கு வரும்வரை அந்த எண்ணுக்கு விடிவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே இருக்கப்போகிற அப்பா பெயரில் இருந்தால் அவர் வாங்கி அனுப்பிவிடலாம். ஒன்றுவிட்ட அண்ணன் இதற்குள் துபாய்க்குப் போயிருந்தால் இப்போதே பெயரை மாற்றுங்கள். மாற்று சிம் போட்ட முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அந்த நேரத்தில் வங்கி வேலை எதையும் தொடங்காதீர்கள்.

அடுத்து ரீசார்ஜ். பிரீபெய்டு எண்ணைத் தொடர்ந்து 90 நாள் எந்த வகையிலும் பயன்படுத்தாவிட்டால் அதை நிறுவனம் முடக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. வாலிடிட்டி முடிந்தால் அதற்கு முன்பே சேவைகள் ஒவ்வொன்றாக நிற்கும். டேட்டா இல்லாமல், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொல்லியது. 365 நாள் வரை வாலிடிட்டிக்கும் வழிவிட்டது. உங்களுக்கு வேண்டியது அதுதான். ஓராண்டுத் திட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, முடியும் தேதியை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கதை இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம்.

சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே இயக்கிவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறக் கட்டணம் இல்லை; ஓடிபிக்கு அது போதும். ஆனால் அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவையுங்கள். ரோமிங் பேக் இல்லாமல் அதில் வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கும் அழைப்பை அதிகாலை நாலு மணிக்கு எடுத்து, அதற்குப் பணமும் கட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் மின்னணு சிம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். என் தேர்வு இது: இந்திய எண்ணைப் பிளாஸ்டிக் சிம்மாகவே வைத்துக்கொண்டு, வெளிநாட்டு எண்ணை இசிம்மாக வாங்குங்கள். போன் உடைந்தால் பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி நண்பனின் போனில் போட்டு ஓடிபி பார்க்கலாம். இசிம்மைக் கழற்ற முடியாது. வேறு போனுக்கு மாற்றும்போது அதே எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தாக வேண்டும் என்று நிற்கும் நிறுவனமும் உண்டு. அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. அங்கே விற்கும் ஐபோன்களில் 14ஆம் வரிசையிலிருந்து சிம் போடும் இடமே இல்லை. போனை அங்கே போய் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்திய எண்ணையும் இசிம்மாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிவு செய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்திய எண்ணில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் அந்த சிம்மைப் பணப்பையில் செருகி வைக்காமல் போனிலேயே வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

வங்கியிலும் ஒரு வேலை இருக்கிறது. படிக்கப் போனாலும் அந்நியச் செலாவணி விதிப்படி நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் இந்தியாவில் உள்ள பணத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக மாற்றச் சொல்வார்கள். அப்போதே மின்னஞ்சலுக்கும் ஓடிபி வருமாறு செய்ய முடியுமா என்று கேளுங்கள். 2023 முதல் சில நாடுகளின் எண்களிலேயே என்ஆர்இ (வெளிநாட்டுப் பணத்தைப் போட்டுவைக்கும் கணக்கு), என்ஆர்ஓ கணக்குகளுக்கு யூபிஐ பயன்படுத்தலாம். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவை முதல் பட்டியலிலேயே இருந்தன. கணக்கு மீட்பு மின்னஞ்சலாகப் பழைய கல்லூரியின் முகவரியைக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். கல்லூரி அதை மூடும்போது உங்களிடம் கேட்டுக்கொண்டு மூடாது.

படி 2: இனிஷியலை விரித்து எழுதுங்கள்

இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. ஊரில் எஸ். என்ற ஓர் எழுத்தில் அப்பா அடங்கிவிடுகிறார். பாஸ்போர்ட்டில் அவர் குடும்பப் பெயராக விரிகிறார், அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கிறது. காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு வங்கி அட்டை முதல் நூலக அட்டை வரை அந்த மூன்று எழுத்தும் கூடவே வரும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இதைச் சரிசெய்ய நேரம் இருந்தால் செய்துவிடுங்கள்.

தபாலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஜெர்மனியில் அடுக்குமாடி முகவரியில் பொதுவாக வீட்டு எண் இருக்காது. தெரு, கட்டட எண், ஊர், அவ்வளவுதான். தபால்காரர் கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியுள்ள குடும்பப் பெயரைப் பார்த்துக் கடிதத்தைப் போடுவார். நான் பெட்டியில் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். கடிதங்கள் எல்லாம் அப்பா பெயருக்கு வந்தன. "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று எழுதி மூன்று கடிதம் திரும்பிப் போனது. அதில் ஒன்று வங்கி அட்டையின் ரகசிய எண். இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். யாருடைய வீட்டில் தங்குகிறீர்களோ அந்தப் பெயருக்குக் கீழே.

ஊர் முகவரியையும் ஒரே வடிவில் எழுதி எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள். கீழத்தெரு, வடக்குத்தெரு இல்லாத ஊர் டெல்டாவில் இல்லை. ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்களும் உண்டு. கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு, கடைசியில் வீட்டில் எப்போதும் இருப்பவரின் கைபேசி எண். பின்கோடும் கைபேசி எண்ணும் சரியாக இருந்தால் மீதியை நம் ஊர் தபால்காரர் பார்த்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதுவதுதான் வெளிநாட்டு அலுவலகங்களைக் குழப்புகிறது.

படி 3: வீட்டுக்கு ஒத்திகை

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன் இதைத் தொடங்குங்கள். நீங்கள் மாடியில், அம்மா கொல்லையில். வீடியோ அழைப்பை எடுப்பது, கேமராவைத் திருப்புவது, ஒலியைக் கூட்டுவது, குரல் செய்தி அனுப்புவது என்று தினமும் ஒன்று. பக்கத்தில் நின்று பிடுங்கிச் செய்துகாட்டாதீர்கள். அவரே தடுமாறிச் செய்யட்டும். எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுக்க அம்மாவின் நெற்றியும் மின்விசிறியும் மட்டுமே தெரிந்தன. பிறகு போனைச் சாய்த்துவைக்க அரிசி டப்பாவைக் கண்டுபிடித்தது அவர்தான்.

அப்பாவின் போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உறவினர் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களே அதை நிரப்பியிருக்கும். நிரம்பிய போனில் அழைப்பு திக்கித் திணறும். தானாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு ஆறு இலக்க எண் வைத்து, அதை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்பு இப்போது கூகுள் கணக்கின் 15 ஜிபிக்குள் கணக்கிடப்படுகிறது என்பதால் அதையும் அவ்வப்போது கவனிக்க வேண்டும்.

இணையம் எப்படி வருகிறது? ஊரில் கேபிள்காரர் ஃபைபர் இணைப்பு தருகிறார் என்றால், மாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் பிடிக்கும் சிம் டேட்டாவைவிட அது நல்லது. ஆனால் கரண்ட் போனால் ரூட்டரும் படுத்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் ரூட்டரை அந்த இணைப்பில் மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரூட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. ரூட்டரின் 12 வோல்ட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அப்பாயியிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்றால் அவருக்குத் தனி வழி வேண்டும். சாதாரண எண்ணுக்கும் லேண்ட்லைனுக்கும் மலிவாகப் பேச ஸ்கைப் இருந்தது. 2025 மே மாதத்தோடு அதை மூடிவிட்டார்கள். இப்போது உள்ளூர் சிம்மில் இந்தியாவுக்கான கூடுதல் நிமிடத் திட்டம் போடலாம், அல்லது கணினியிலிருந்து தொலைபேசிக்குப் பேசவைக்கும் வேறு செயலியில் கொஞ்சம் பணம் ஏற்றிவைக்கலாம். லேண்ட்லைனுக்கு அழைக்கும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தை விடுங்கள். தஞ்சாவூர் 04362 என்றால் கூட்டல் குறி, 91, 4362, பிறகு எண். கும்பகோணம் 435, மயிலாடுதுறை 4364, திருவாரூர் 4366, மன்னார்குடி 4367.

படி 4: போய் இறங்கிய முதல் வாரம்

விமான நிலைய வைஃபையில் "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று ஒரு குரல் செய்தி. அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் வேண்டாம்.

ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் பிரீபெய்டு சிம்முக்கும் பாஸ்போர்ட் சரிபார்ப்பு கட்டாயம். காணொளி வழியே சரிபார்க்கும்போது இந்தியப் பாஸ்போர்ட் ஏற்கப்படாமல் போவதுண்டு. அப்போது சிம் நிறுவனம் தரும் சரிபார்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்கு நேரில் போக வேண்டும். பிரிட்டனில் இந்தத் தொல்லை இல்லை. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எந்த நாடானாலும் முதல் மூன்று மாதம் பிரீபெய்டிலேயே இருங்கள். கடைக்காரர் இலவசமாகப் போன் தருகிறேன் என்று நீட்டும் தாளில் 24 மாத ஒப்பந்தம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங் தனிக் கட்டணம் இல்லை. ஜெர்மன் சிம்மோடு பாரிசுக்குப் போனாலும் அதே டேட்டாவில் வாட்ஸ்அப் வழியே வீட்டுக்குப் பேசலாம். சுவிட்சர்லாந்து அந்தக் கணக்கில் வராது. எல்லை தாண்டும் ரயிலில் டேட்டாவை அணையுங்கள்.

பல்கலைக்கழகக் கணக்கு கிடைத்த அன்றே எடுரோம் வைஃபையைப் போனில் அமைத்துவிடுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் கல்வி நிறுவனங்களில் அதே கணக்கு தானாக இணையும். இந்தியாவிலும் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான அரசு வலையமைப்பான எர்னெட் வழியாக எடுரோம் இருக்கிறது. விடுமுறைக்கு வந்தபோது, ஒரு நண்பனைப் பார்க்கப் போன கல்வி வளாகத்தில் என் போன் என்னைக் கேட்காமலே இணைந்துகொண்டது.

சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வாட்ஸ்அப் இயங்காது, வீசாட் தான். வீசாட்டில் புதிய கணக்கு திறக்கும்போது, ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் ஒருவர் உறுதிசெய்ய வேண்டிவரலாம். அம்மாவுக்கான கணக்கைப் புறப்படும் முன்பே திறந்து பழக்கிவிடுங்கள். ரஷ்யாவில் 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. இந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் ஒரே செயலியை நம்பாமல் இரண்டை வீட்டுப் போனில் போட்டுவையுங்கள்.

படி 5: நேரம்

ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். கோடையில் மாலை ஐந்துக்கு நான் அழைத்தால் ஊரில் எட்டரை. அப்பா சாப்பிட்டுத் திண்ணையில் இருப்பார். நவம்பரில் அதே ஐந்துக்கு அழைத்தால் ஒன்பதரை. அப்பா பாதித் தூக்கத்தில். "பையன் மாறிவிட்டான், நேரங்கெட்ட நேரத்தில் பேசுகிறான்" என்று அவர் அம்மாவிடம் குறைப்பட்டிருக்கிறார். பிரிட்டன் என்றால் நாலரை, ஐந்தரை. அமெரிக்கக் கிழக்குக் கரை ஒன்பதரை, பத்தரை. அங்கே மாறும் நாள் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். சிட்னி நமக்கு முன்னால் நாலரை, அவர்களுடைய கோடையில் ஐந்தரை. சிங்கப்பூர் ஆண்டு முழுக்க இரண்டரை.

அந்தக் கடிகாரத்தைவிட நம் ஊர்க் கடிகாரம் சிக்கலானது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அப்பாவுக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. முறைத் தண்ணீர் எப்போது வருமோ அப்போது மடையில் நிற்பார். நடவு நாட்களில் அம்மா விடிவதற்கு முன்பே அடுப்படியில். அறுவடை முடிந்தால் நெல்லைக் கொட்டிவைத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் இரவுக் காவல். ஈரப்பதம் கூடிவிடுமோ என்ற கவலையில் இருப்பவரிடம் நம் செய்முறைத் தேர்வைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாது. நான் பிறகு வைத்துக்கொண்ட வழக்கம் இது: வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மதியம், நீண்ட அழைப்பு. மற்ற நாட்களில் குரல் செய்தி மட்டும். வரப்பில் நின்றுகொண்டே அப்பா பேசி அனுப்பிய செய்திகளில் பம்புசெட் சத்தம்தான் பாதி. இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

தினமும் பேச வேண்டும் என்று முதல் வாரத்தில் சத்தியம் செய்யாதீர்கள். தினமும் வந்த அழைப்பு ஒரு நாள் வராவிட்டால் வீடு பதறும். ஞாயிறு மட்டும் என்றால் ஆறு நாள் நிம்மதி. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையிலிருந்து நேரலையில் காட்டுகிறோம் என்பார்கள். படித்துறையில் கூட்டம் சேர்ந்தால் டவர் தாங்காது. படம் எடுத்து வீட்டுக்கு வந்து அனுப்பச் சொல்லுங்கள்.

படி 6: தபால்

இணைய காலத்தில் தபால் எதற்கு என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஜெர்மனியில் வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி ரகசிய எண் எல்லாம் காகிதத்தில்தான் வரும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதத்தை விளம்பரம் என்று தூக்கிப் போடாதவர் இல்லை. அது வீட்டுக்கு ஒருவர் கட்டியே ஆக வேண்டிய கட்டணம், மாதம் 18.36 யூரோ. கடிதப் பெட்டியைத் தினமும் திறங்கள்.

ஊரிலிருந்து பொட்டலம் அனுப்புவதில்தான் அம்மாக்களின் மனம் உடைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் தபாலில் இறைச்சி, பால் பொருள் கூடாது. அதனால் நெய், பால்கோவா, கருவாட்டோடு சேர்த்துக் கட்டிய கறி வற்றல் எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சைக் குடும்பத்து நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று பல நாடுகள் தடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் விதை, தானியம் வரை பிரித்துப் பார்ப்பார்கள். திருவையாற்று அசோகா அல்வாவை ஊருக்கு வரும்போது சாப்பிட்டுக்கொள்ளுங்கள். தாராளமாக அனுப்ப ஏற்றவை: பருப்புப்பொடி, சாம்பார்ப்பொடி, சிக்கரி கலந்த காப்பித்தூள், வறுத்து அரைத்த புளிக்காய்ச்சல் பொடி, கறிவேப்பிலைப் பொடி. ஊறுகாய் அனுப்பியே தீர வேண்டுமென்றால் எண்ணெயை வடித்து, வெப்பத்தில் ஒட்டிய இரட்டைப் பையில், அதைச் சுற்றி ஒரு பழைய வேட்டித் துணி. என் முதல் மாவடு வந்து சேர்ந்தபோது பொட்டலத்தில் இருந்த சட்டைகளும் மாவடுவாக மாறியிருந்தன.

சுங்கப் படிவம் சிஎன் 22 அல்லது சிஎன் 23. அதில் "பரிசு" என்று மட்டும் எழுதினால் திரும்பிவிடும். என்ன பொருள், எத்தனை, எடை, மதிப்பு என்று வரிவரியாக எழுத வேண்டும். தனி ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் வரியின்றிப் போகும். பிரிட்டனில் 39 பவுண்டு. அதற்கு மேல் எழுதினால் வாங்கும் நீங்கள் கட்ட வேண்டும். மருந்தைத் தபாலில் ஜெர்மனிக்கு வரவழைக்கக் கூடாது. சொந்தத் தேவைக்கு மூன்று மாத அளவை மருத்துவர் சீட்டோடு கையில் கொண்டுபோங்கள். பவர் பேங்கும் தபாலில் போகாது. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் அஞ்சலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். 2025 ஆகஸ்டில் அங்கே 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு நீங்கியபோது இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான சேவையையே நிறுத்திவைத்து, அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது.

அங்கிருந்து வீட்டுக்குப் பொருள் அனுப்பும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். 2019 டிசம்பர் முதல் தபாலிலும் கூரியரிலும் பரிசு என்று வரும் பொருளுக்கு இந்தியாவில் வரிவிலக்கு கிடையாது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. தங்கைக்கு அனுப்பிய சாக்லேட்டுக்கு அவளே வரி கட்ட வேண்டிவரும். அஞ்சலட்டை அனுப்புங்கள். ஊர், தெருவைத் தமிழிலேயே எழுதலாம். பின்கோடு எண்ணும், கடைசி வரியில் இந்தியா என்பது ஆங்கிலப் பெரிய எழுத்திலும் இருந்தால் போதும். அப்பாயியே வாங்கிப் படித்துவிடுவார், யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தபால் வேலை கட்டாயம் வரும். பாகப்பிரிவினை, விற்பனை எதுவானாலும் உங்கள் கையெழுத்து வேண்டும். உங்கள் சார்பில் ஊரில் ஒருவர் கையெழுத்திட உரிமை தரும் அதிகார ஆவணத்தை (பவர் பத்திரம்) இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அசலை ஊருக்கு அனுப்ப வேண்டும், ஸ்கேன் செல்லாது. அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். எனவே கண்காணிப்பு எண் உள்ள சேவையில் அனுப்பி, வந்த உறையை அப்பா பத்திரப்படுத்தட்டும். எந்த நாளில் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

படி 7: ஐப்பசி, கார்த்திகை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நான் செய்தியில் தென்னந்தோப்புகள் படுத்துக்கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மூன்று போனும் அணைந்திருந்தன. மின்கம்பங்கள் போனதால் டவர்களும் ஜெனரேட்டர் டீசல் தீர்ந்ததும் நின்றுவிட்டன. நான்காம் நாள் திருச்சியில் இருக்கும் சித்தப்பா மோட்டார் சைக்கிளில் போய், அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு, திரும்பித் திருச்சிக்கு வந்து எனக்குப் பேசினார். எல்லோரும் நலம், கொல்லையில் ஒரு மரம் மிச்சமில்லை.

அதிலிருந்து கற்றவை. டெல்டாவுக்கு வெளியே, திருச்சியிலோ மதுரையிலோ, ஒரு உறவினரைத் தொடர்புப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் யாராவது சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போனால் முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு எண் வேண்டும். அது உங்கள் வீட்டு நெட்வொர்க்காக இருக்கக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே எல்லா போனும், ஒரு பவர் பேங்கும் நிறையச் சார்ஜ். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. ஆனால் இத்தகைய குறுகிய எண்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைக்காது. ஆட்சியர் அலுவலகத்தின் முழுத் தொலைபேசி எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வங்கிகளின் 1800 எண்களுக்கும் இதே கதை.

எதிர்த்திசைக்கும் ஏற்பாடு வேண்டும். உங்கள் அறைத் தோழர் ஒருவரின் எண்ணும், பல்கலைக்கழகச் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் எண்ணும் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற உதவித் தளத்தில் மாணவராகப் பதிவு செய்துவிடுங்கள். அங்கே ஏதாவது நடந்தால் தூதரகம் உங்களைத் தேட அது உதவும்.

படி 8: பொய் அழைப்பும் மறைத்த செய்தியும்

"உங்கள் மகன் போலீஸில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் அனுப்புங்கள்" என்ற அழைப்பு வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடுகளைத் தேடி வருகிறது. இப்போது குரலையும் போலியாகச் செய்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு அடையாளச் சொல் உண்டு: எப்போதோ விற்றுவிட்ட ஒரு பசுவின் பெயர். அதைச் சொல்லாமல் யார் அழுதாலும் பணம் போகாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார்.

இன்னொன்று இதைவிடக் கடினம். நம் வீடுகளில் "எல்லோரும் நன்றாக இருக்கிறோம்" என்ற வாக்கியத்துக்குள் காய்ச்சல், கடன், கால் முறிவு எல்லாம் அடங்கும். அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டதை ஏழு வாரம் மறைத்தார்கள். வீடியோவில் மார்புக்கு மேல்தான் தெரியும் அல்லவா? நானும் ஒரு பாடத்தில் தேறாததைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அத்தை மகனை உண்மை சொல்பவனாக நியமித்தேன். மருத்துவமனை, நிலம், யாருக்காவது உடல்நலம் மோசம் என்றால் பெரியவர்கள் தடுத்தாலும் அவன் எனக்குச் சொல்லிவிட வேண்டும். அதே போல என் விஷயத்தை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவனும் நிபந்தனை போட்டான்.

படி 9: திரும்பும்போது

வீடு மாறினாலும் நாடு திரும்பினாலும் அஞ்சலகத்தில் முகவரி மாற்றச் சேவைக்குப் பணம் கட்டி, நம்பிக்கையான ஒரு நண்பர் வீட்டுக்குக் கடிதங்களைத் திருப்பிவிடுங்கள். ஜெர்மன் போன் ஒப்பந்தம், முதல் காலம் முடிந்திருந்தால் ஒரு மாத முன்னறிவிப்பில் ரத்தாகும். உறுதிச் செய்தியைச் சேமித்துவையுங்கள்.

இந்திய எண்ணுக்கு அவ்வளவு பாடுபட்ட நான், 2020இல் திரும்பும்போது ஜெர்மன் எண்ணை அப்படியே காலாவதியாக விட்டுவிட்டேன். அங்கே வங்கிக் கணக்கில் வீட்டு வாடகை முன்பணம் வந்து சேர்ந்திருந்தது. உள்ளே நுழைய ஓடிபி அந்த எண்ணுக்குத்தான். கணக்கை மூடும்வரை அந்த பிரீபெய்டு சிம்மில் பத்து யூரோ ஏற்றிவையுங்கள். முடியும் தேதியைச் சுவர் நாள்காட்டியில் எழுத வேண்டியது இந்த முறை நீங்கள்.